படிக்க முடியாத எழுத்து: கே.சி.எஸ். பணிக்கரும் எங்க ஆச்சியோட கையெழுத்தும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதை வாசிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கோம்.)

வழக்கமா நாம டெக், வேலை, பெங்களூர் வாடகைன்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு ஓவியரைப் பத்திப் பேசப் போறேன். பயப்படாதீங்க, எனக்கும் ஓவியம் தெரியாது. தெரியாத ஒரு ஆள் ஒரு படத்து முன்னாடி மாட்டிக்கிட்ட கதைதான் இது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். திருநெல்வேலியில இருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல. ஆனா நாகர்கோவில் வழியா திருவனந்தபுரம் 150 கிலோமீட்டர்தான். அதனால எங்க ஊர்ல பிள்ளைங்களுக்கு லீவு விட்டா "ஜூ பாக்கப் போவோம்"னா அது திருவனந்தபுரம்தான். அக்கா பிள்ளைங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு போனேன். சிங்கம் பாத்தாச்சு, நீர்யானை பாத்தாச்சு. வெயில் மண்டையைப் பொளக்குது. அதே வளாகத்துல நேப்பியர் மியூசியம் இருக்கு, பக்கத்துல ஒரு கேலரி. உள்ள நிழலா இருக்கும்னுதான் போனோம். சத்தியமா அவ்வளவுதான் காரணம்.

அது கே.சி.எஸ். பணிக்கரோட ஓவியங்களுக்குன்னே இருக்கிற கேலரி.

ஒரு படத்து முன்னாடி சின்னவன் நின்னுட்டான். வெளுத்த மஞ்சள் மாதிரி பின்னணி. அது மேல பொடிப்பொடியா எழுத்து, வரிவரியா, பத்திபத்தியா. நடுவுல ஜாதகக் கட்டம் மாதிரி ஒரு சதுரம், அங்கங்க முக்கோணம், வட்டம், அம்புக்குறி, கணக்கு மாதிரி ஏதோ. "சித்தி, இதுல என்ன எழுதியிருக்கு?"ன்னான்.

நான் மலையாளம்னு நெனச்சேன். எங்க ஊர்க்காரங்களுக்கு மலையாள எழுத்து கேரளா பஸ் போர்டு வழியா பழக்கம். வாசிக்கத் தெரியாது, ஆனா அதோட உருவம் தெரியும். பக்கத்துல நின்ன ஒரு மலையாளி பெரியவர்கிட்ட கேட்டேன். அவர் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு கிட்டப் போனார். ஒரு நிமிஷம் பாத்தார். அப்புறம் சிரிச்சுட்டார். எழுத்து மாதிரி இருக்கு, ஆனா வார்த்தை வரலைன்னார்.

சின்னவன் விடல. "அப்போ எதுக்கு எழுதினாங்க?"

இந்த எபிசோடு அந்தக் கேள்விக்காகத்தான்.

யார் இந்தப் பணிக்கர்?

பிறந்தது 1911, கோயம்புத்தூர்ல. குடும்பம் மலையாளக் குடும்பம், வாழ்க்கையில பெரும்பகுதி சென்னை. அப்பா இறந்ததும் படிப்பை விட்டுட்டு தந்தித் துறையில வேலைக்குச் சேர்றார். குடும்பத்தைக் காப்பாத்தணும், வேற வழியில்ல. நம்ம நேயர்கள்ல பாதிப் பேருக்கு இந்தக் கதை புரியும். பிடிச்சது ஒண்ணு, சோறு போடுறது இன்னொண்ணு.

அவர் 25 வயசுல, 1936ல, வேலையை விட்டுட்டு மெட்ராஸ் ஓவியப் பள்ளியில மாணவரா சேர்றார். 1850ல ஆரம்பிச்ச பள்ளி அது, இப்போ அரசு கவின் கலைக் கல்லூரி. அப்போ தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்க முதல்வர். மெரினாவுல உழைப்பாளர் சிலை பாத்திருப்பீங்கல்ல, அதைச் செஞ்சவர். பணிக்கர் படிச்ச அதே பள்ளியில ஆசிரியராகி, 1957ல ராய் சௌத்ரிக்கு அடுத்து முதல்வரும் ஆகுறார். நடுவுல 1944ல முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்குறார்.

ஆரம்பத்துல அவர் போட்டது அழகான நீர்வண்ண ஓவியங்கள். கேரளத்துக் காயல், தென்னை, படகு. பாத்த உடனே பிடிச்சிடும். அப்புறம் வான்கா மாதிரி தடிச்ச தூரிகை. 1954ல ஐரோப்பா போறார், அங்க நவீன ஓவியத்தை நேர்ல பாக்குறார்.

அங்கதான் ஒரு சிக்கல் வருது. அது அவருக்கு மட்டும் வந்த சிக்கல் இல்ல. அந்தத் தலைமுறையில ஆசியா, ஆப்பிரிக்கா ஓவியர்கள் நிறைய பேருக்கு வந்தது. நவீனமா வரைஞ்சா "இது பாரிஸைப் பாத்து எழுதின காப்பி"ம்பாங்க. பழைய மாதிரி கோவில் சுவர் ஸ்டைல்ல வரைஞ்சா "இது பழசு"ம்பாங்க. ரெண்டு பக்கமும் அடி.

பாரிஸ்ல ஒரு சீனர், சூடான்ல ஒருத்தர்

ஜாவோ வூ-கின்னு ஒருத்தர். 1920ல பெய்ஜிங்ல பிறந்தவர், 1948ல பாரிஸுக்குப் போயிட்டார். அவருக்கு "சீன ஓவியர்"னு முத்திரை குத்திக்க இஷ்டமே இல்ல. சீன மையையும் தாளையும் தொடவே கூடாதுன்னு இருந்தார். 1951ல ஸ்விட்சர்லாந்துல பால் க்ளேயோட ஓவியங்களைப் பாக்குறார். க்ளே சின்னச்சின்னக் குறிகளை வெச்சுப் படம் கட்டுற ஆள். அதுக்கப்புறம் ஜாவோவோட கேன்வாஸ்ல எழுத்து மாதிரி குறிகள் வர ஆரம்பிக்குது. எலும்புலயும் வெண்கலத்துலயும் பொறிச்ச பழைய சீன எழுத்து மாதிரி இருக்கும், ஆனா வாசிக்க முடியாது. 1954ல வரைஞ்ச 'காற்று' அதுல முக்கியமானது. எதை விட்டு ஓடினாரோ அது பாரிஸ்ல, ஒரு ஜெர்மன்-ஸ்விஸ் ஓவியர் வழியா அவர்கிட்டயே திரும்பி வருது.

இன்னொருத்தர் சூடான்ல, இப்ராஹிம் எல்-சலாஹி. லண்டன்ல ஓவியம் படிச்சுட்டு 1957ல ஊர் திரும்பி கண்காட்சி வைக்குறார். ஊர் மக்கள் கண்டுக்கவே இல்ல. அவர் கோவிச்சுக்கல. நம்ம ஆளுங்க வீட்டுச் சுவர்ல என்னதான் மாட்டி வெச்சிருக்காங்கன்னு ஊர் ஊராப் பாக்கப் போனார். எங்க பாத்தாலும் அரபி எழுத்து அலங்காரம். அந்த எழுத்தை எடுத்து, உடைச்சு, உள்ள இருந்து உருவங்களை வெளிய கொண்டுவந்தார்.

ஒருத்தரை ஒருத்தர் பாத்து காப்பியடிச்சது இல்ல இது. ஒரே கேள்வி, கிட்டத்தட்ட ஒரே காலம். எழுத்துங்கிற ஒரு பொருள் எல்லார் கையிலயும் சொந்தமா இருந்துச்சு.

கணக்கு நோட்டுல இருந்து வந்த படம்

பணிக்கர் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. 1963ல 'சொற்களும் குறியீடுகளும்'னு ஒரு வரிசையைத் தொடங்குறார். அதுக்குத் தூண்டுதல் பழைய சுவடியோ கோவிலோ இல்ல, ஒரு மாணவரோட கணக்கு நோட்டு. அல்ஜீப்ரா, ரோமன் எழுத்து, எண்கள், ஜியோமெட்ரி படம், கோடு. அந்தப் பக்கத்தைக் கணக்கா பாக்காம ஒரு படமா பாத்துட்டார். எஞ்சினியரிங் படிச்ச நமக்கெல்லாம் அந்தப் பக்கத்தைப் பாத்தா அரியர்தான் ஞாபகம் வரும்.

முதல்ல கணிதக் குறிகளும் ரோமன் எழுத்தும். போகப் போக அது நம்ம ஊர்ப் பக்கம் திரும்புது. மலையாள எழுத்து மாதிரியான வரிகள், ஜாதகக் கட்டம், மீன், பாம்பு, பறவை மாதிரி உருவங்கள். 1977ல இறக்குற வரைக்கும் இந்த வழியிலதான் போனார்.

இதுல எது மேற்கு, எது நம்மது? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நவீன ஓவியத்துல இருந்து அவர் எடுத்தது ஒரு துணிச்சல். ஓவியம்னா ஜன்னல் வழியா ஒரு காட்சியைப் பாக்குற மாதிரி இருக்கணும்னு அவசியமில்ல, ஒரு தட்டையான பரப்பே போதும். தூரம், ஆழம், வெளிச்சம்-நிழல் எதுவும் வேண்டாம். நம்ம பக்கத்துல இருந்து எடுத்தது, அந்தத் தட்டைப் பரப்பை எப்படி நிரப்புறதுங்கிற பழக்கம். ஒரு ஜாதக நோட்டை எடுத்துப் பாருங்க. மேல பிள்ளையார் சுழி, நடுவுல கட்டம், சுத்தி எழுத்து, ஓரத்துல கணக்கு. அதுக்கு ஒரு லேஅவுட் இருக்கு. ஜோசியர்கள் காலங்காலமா போட்டு வர்ற டிசைன். அதை டிசைன்னு யாரும் சொன்னதில்ல.

ஜாதகத்துல இருந்து பலனைக் கழிச்சுட்டா என்ன மிஞ்சும்? கணக்குல இருந்து விடையைக் கழிச்சுட்டா? பணிக்கர் வரைஞ்சது அந்த மிச்சத்தை.

எஞ்சினியர் மனசு

என் மனசுல ஓடினதையும் நேர்மையா சொல்லிடறேன். எனக்கு வாசிக்க முடியாத எழுத்துன்னா அது பக். ஃபான்ட் இல்லைன்னா திரையில கட்டம் கட்டமா வருமே, அது. யூனிகோடுக்கு முந்தின தமிழ் ஃபைலைத் திறந்தா ஒண்ணும் புரியாத கிறுக்கல் வருமே, அது. அதைச் சரிபண்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். எழுத்துன்னா உள்ள ஒரு சேதி இருக்கணும். சேதி இல்லைன்னா ஃபைல் கரப்ட்.

அதனால கேலரியில எனக்கு முதல்ல வந்தது எரிச்சல்தான். ஏமாத்துறாரோன்னு ஒரு சந்தேகம். அப்புறம்தான் எங்க ஆச்சி ஞாபகம் வந்துச்சு.

ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. 90கள்ல அறிவொளி இயக்கம் வந்தப்ப தெருவுல வகுப்பு நடந்துச்சு. ராத்திரி எட்டு மணிக்கு, பீடி சுத்தி முடிச்சுட்டு வர்ற பொம்பளைங்க எல்லாம் உக்காருவாங்களாம். ஆச்சி பாதியில நின்னுட்டாங்க, ஆனா கையெழுத்து மட்டும் கத்துக்கிட்டாங்க. அதை எழுதுறதுன்னு சொல்ல மாட்டாங்க, 'போடுறது'ம்பாங்க, கோலம் போடுற மாதிரி. நான் சின்னப் பிள்ளையில பக்கத்துல உக்காந்து பாப்பேன். வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டே போடுவாங்க: "இங்கன ஒரு கொம்பு... இங்கன ஒரு கால்... இப்ப மூணு சுழி..." அந்த மூணு சுழியை வேற ஒரு வார்த்தையில காட்டி "இது என்ன ஆச்சி?"ன்னா தெரியாது. "அது வேற யாருதோ. இது என்னுது"ம்பாங்க.

நாமளும் எழுத்தை அப்படித்தானே சொல்றோம்? ஒற்றைக் கொம்பு, துணைக்கால், சுழி, கொக்கி. எல்லாம் உருவத்தோட பேர். பள்ளிக்கூடம் போனதும் அதை மறந்துட்டு சத்தத்தை மட்டும் பாக்கப் பழகிட்டோம்.

நான் காலேஜ்ல இருந்தப்ப ஆச்சி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. கட்டுப் பிரிச்ச பிறகு விரல் பழைய மாதிரி வளையல. பேங்க்ல பணம் எடுக்கப் போனா கையெழுத்து சேரலைன்னுட்டாங்க. எந்த பேங்க்னு வேண்டாம். கவுன்டர்ல இருந்தவர் அவருக்குத் தெரிஞ்ச சுலபமான வழியைச் சொன்னார்: "பாட்டி, பெருவிரல் வெச்சுடுங்க." ஆச்சி அந்த மை டப்பாவைப் பாத்தாங்க. பணம் எடுக்காமலேயே வீட்டுக்கு வந்துட்டாங்க.

அடுத்த ரெண்டு வாரம் தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்துல போட்டுக்கிட்டே இருந்தாங்க. கொம்பு, கால், சுழி. வரிவரியா. ஒரு தாள்ல முப்பது, நாப்பது தடவை. "எதுக்கு ஆச்சி இவ்வளவு கஷ்டம், ரேகை வெச்சாத்தான் என்ன"ன்னு கேட்டேன். "ஏட்டி, நீ நாலெழுத்து படிச்சவ, ஒனக்கு அது தெரியாது"ன்னாங்க. அப்புறம் பேங்க்ல புது மாதிரிக் கையெழுத்து வாங்கிப் பதிஞ்சுக்கிட்டாங்க. அந்தத் தாளெல்லாம் அம்மா பழைய பேப்பர்ல போட்டுட்டாங்க. நானும்தான் கட்டித் தூக்கிக் குடுத்தேன்.

கேலரியில அந்தப் படத்து முன்னாடி எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் காலண்டர் தாள்தான்.

இங்க ஒண்ணு கவனமா சொல்லணும். ஆச்சியும் பணிக்கரும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. பணிக்கருக்கு வாசிக்கத் தெரியும், அவர் வேணும்னே அர்த்தத்தை எடுத்தார். ஆச்சிக்கு அர்த்தம் கிடைக்கவே விடல. அவங்க வாசிக்காதது அழகு இல்ல, அநியாயம். அதுக்கு ஃப்ரேம் போட்டு மாட்டக் கூடாது. ஆனா வாசிக்க முடியாத எழுத்து வெறுமையானதுன்னு இனிமே என்னால சொல்ல முடியாது. ஆச்சி போட்டதுல 'சேதி' இல்ல, ஆனா ஆள் இருந்தாங்க. பெருவிரல் ரேகையிலயும் அதே ஆள்தான். ஆனா ரேகை அவங்க கூடப் பிறந்தது. கையெழுத்து அவங்க சம்பாதிச்சது.

நம்ம ஆத்தங்கரையில

திரும்பி வந்ததும் ஊர்ல ரெண்டு இடத்துக்குப் போனேன். ஒண்ணு சீவலப்பேரி பக்கத்துல மறுகால்தலை. அங்க பாறையில தமிழி எழுத்து, சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தினது. கோடும் கோணமுமா இருக்கும். இன்னொண்ணு சங்கரன்கோவில் ரோட்டுல மானூர். அங்க கோவில்ல பொ.ஆ. 800 வாக்குல வெட்டின வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கு. பேருக்கு ஏத்த மாதிரி எல்லாம் வளைவு. ஓலையில எழுத்தாணியால நேர்கோடு இழுத்தா கிழிஞ்சிரும், அதனாலதான் எழுத்து உருண்டுச்சுன்னு சொல்வாங்க.

மானூர் கல்வெட்டு ஊர்ச் சபைக்கான விதிமுறை. அதுல ஒரு விதி: சபையில எதைச் சொன்னாலும் "இல்லை, கூடாது"ன்னே முட்டுக்கட்டை போடுற ஆளுக்கு அஞ்சு காசு அபராதம். நம்ம ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு இது உடனே வேணும்.

இதை நான் புத்தகத்துல வாசிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கல்லு முன்னாடி நின்னா எனக்கு அது சுழியும் வளைவும்தான். என் மொழி, என் ஊர், ஆனா ஒரு எழுத்து புரியல. சோழர் ஆட்சி வந்த பிறகு பாண்டிய நாட்டுல வட்டெழுத்து மெல்ல மெல்லப் புழக்கத்துல இருந்து போயிருச்சு. கேரளத்துல இன்னும் பல நூற்றாண்டு இருந்துச்சு. அந்தக் கல்லு முன்னாடி நானும் ஆச்சிதான். சின்னவன் கேட்டது மாதிரி அங்க யாரும் "எதுக்கு எழுதினாங்க?"ன்னு கேக்கல. ஒரு அம்மா அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனாங்க.

எதிர்வாதமும் இருக்கு

பணிக்கர் மேல நியாயமான கேள்விகளும் உண்டு. ஒண்ணு, எழுத்தையும் ஜாதகக் கட்டத்தையும் போட்டா 'இந்தியத்தன்மை' வந்துடுமா? வெளிநாட்டுக்காரங்களுக்குக் காட்ட ஒரு முத்திரையா அது ஆயிடாதா? நல்ல கேள்வி. அவருக்கு அப்புறம் எழுத்தைத் தூவின எத்தனையோ படம் ஹோட்டல் லாபிக்கு அலங்காரமாத்தான் ஆச்சு. ஆனா பணிக்கரோட படத்துல அந்த எழுத்து அலங்காரமா ஓரத்துல நிக்கல. அதை எடுத்துட்டா படமே இல்ல.

இன்னொண்ணு, சாதாரண ஜனங்களோட நோட்டுல இருந்து எடுத்ததை அந்த ஜனங்க பாக்கிறாங்களா? இதுக்கு அவர் தந்த பதில் முழுசா இல்லைன்னாலும் பாதியாவது இருக்கு. 1966ல சென்னைக்குத் தெற்க ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்குறார். ஓவியம் வித்து வாழ முடியாத காலம். அதனால முப்பது பேர் கிட்ட சேர்ந்து பாத்திக் துணி, கைவினைப் பொருள் செஞ்சு வித்தாங்க. அந்தக் காசுல எட்டு, பத்து ஏக்கர் நிலம் வாங்கி வீடு கட்டிக்கிட்டாங்க. அரசாங்கமோ பெரிய முதலாளியோ குடுத்தது இல்ல. கொஞ்ச நேரம் கைவேலை, மிச்ச நேரம் ஓவியம். சோறு போடுறதும் பிடிச்சதும் ஒரே காம்பவுண்டுக்குள்ள. தந்தி ஆபீஸ்ல வருஷங்களை விட்ட ஆளுக்குத்தான் இந்த யோசனை வரும்னு எனக்குத் தோணுது.

அந்தப் பள்ளியில பணிக்கர் காலத்துல படிச்ச ஆதிமூலம் எதிர்த் திசையில போனார். தூரிகை எழுத்தை சிறுபத்திரிகைக்கும் புத்தக அட்டைக்கும் கொண்டுவந்தார். நம்ம கரிசல் பக்கத்துக் கி.ரா. ஜூனியர் விகடன்ல எழுதின 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் படம் போட்டது அவர்தான். பெட்டிக்கடையில தொங்குன பத்திரிகை வழியா அந்தக் கோடு எங்க வீட்டுக்கும் வந்திருக்கும். யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

சின்னவனுக்கு என்ன சொன்னேன்?

அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. "ஐஸ்கிரீம் சாப்பிடுவோமா"ன்னுட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு என் பீரோவுல இருந்து ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் காட்டினேன். என் எஞ்சினியரிங் படிப்புக்கு லோன் வாங்கின பத்திரம். எங்க வீட்டை அடமானம் வெச்சது ஆச்சி பேர்ல. கடைசிப் பக்கத்துல அவங்க கையெழுத்து, கை முறியுறதுக்கு முந்தினது. நல்லா வளைஞ்ச கொம்பு, நிமிர்ந்த கால், அழுத்தமா மூணு சுழி. அந்தப் பத்திரத்துல ஒரு வரிகூட ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. நான் படிச்சது அதை வெச்சுத்தான்.

"இது யார் வரைஞ்சது?"ன்னு கேட்டான். பாருங்க, 'எழுதினது'ன்னு கேக்கல.

சென்னையில இருக்கிறவங்க ஈசிஆர்ல போறப்ப ஈஞ்சம்பாக்கத்துல இறங்குங்க. சோழமண்டலத்துல 2009ல இருந்து ஒரு கலை மையம் இருக்கு, பணிக்கரையும் அவர் கூட்டத்தையும் அங்க பாக்கலாம். நெல்லைக்காரங்க திருவனந்தபுரத்துக்கே போங்க, சிங்கத்தைப் பாத்துட்டு நிழலுக்கு உள்ள போங்க. போன்ல இருக்கிற ட்ரான்ஸ்லேட் ஆப்பை மட்டும் வெளிய எடுக்காதீங்க. நான் வீட்டுல ஒரு புத்தகத்துல இருந்த பணிக்கர் படத்துல அதைக் காட்டிப் பாத்தேன். அது பாவம், ஏதேதோ உளறுச்சு.

உங்க வீட்டுல ஆச்சி, தாத்தா யாராவது போட்ட கையெழுத்து இருந்தா, பழைய பேப்பர்ல போடுறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துடுங்க.